வயலில் துளை போட வருபவர் எந்தச் சட்டத்தோடு வருகிறார்? காவிரிப் படுகையும் கனிம ஆய்வு அதிகாரமும்

காவிரிப் படுகையில் வயலோரம் அளவைக் கருவிகளோடு ஒரு வண்டி நின்றால் போதும், அன்று மாலைக்குள் இரண்டு பேச்சு ஊர் முழுக்கப் பரவிவிடும். "பட்டா மேல் மண்ணுக்குத்தான். கீழே இருப்பதெல்லாம் அரசாங்கத்துக்கு, வந்தால் தடுக்க முடியாது" என்பது ஒன்று. "இது பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம், யாரும் கால் வைக்க முடியாது" என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் முதல் பேச்சை நம்புபவர் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுகிறார். இரண்டாவதை நம்புபவர் கவனிக்க வேண்டியதைக் கவனிக்காமல் விடுகிறார்.

உண்மையில் இந்தியாவில் "தனியார் நிலத்தில் கனிமத்தை ஆய்வு செய்யும் அதிகாரம்" என்று ஒரே அதிகாரம் கிடையாது. கனிமத்துக்குக் கனிமம் சட்டம் வேறு. ஒரே கனிமத்திலும் கட்டத்துக்குக் கட்டம் அதிகாரம் வேறு. எனவே எந்தக் கனிமம், எந்தச் சட்டம், எந்தக் கட்டம் என்ற வரிசையில் கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

நிலத்துக்குக் கீழே இருப்பது யாருக்குச் சொந்தம்?

முதலில் இந்த அடிப்படைக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கடலுக்கு அடியில் உள்ள கனிமங்கள் ஒன்றிய அரசுக்குச் சொந்தம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 297-வது பிரிவு நேரடியாகச் சொல்கிறது. தரைக்கு அடியில் உள்ளவற்றுக்கு அப்படி ஒரு பொதுப் பிரகடனம் இல்லை.

2013 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, திரேசியம்மா ஜேக்கப் வழக்கில் இதைத் தெளிவாக்கியது. பழைய சென்னை மாகாணத்தின் ஒரு பகுதியாக இருந்த மலபார் நிலங்களைப் பற்றிய வழக்கு அது. நிலத்தடிக் கனிமம் முழுவதும் அரசுக்கே என்று அறிவிக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று நீதிமன்றம் கூறியது. சட்டப்படியான ஏதாவது ஒரு நடவடிக்கை உரிமையாளரிடமிருந்து அதைப் பிரித்திருந்தால் ஒழிய, கனிமத்தின் உரிமை பொதுவாக நிலத்தின் உரிமையைப் பின்தொடரும் என்றும் கூறியது.

அந்த "ஒழிய" என்பதைச் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது. ஜமீன், இனாம் முறைகளை ஒழித்த சட்டங்களில் முக்கியமானது 1948-ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி எஸ்டேட் நிலங்களோடு அவற்றின் சுரங்கங்களும் கனிமங்களும் அரசின் வசம் போயின. அதனால் ஒரு கிராமம், விவசாயியே நேரடியாக அரசுக்கு வரி கட்டிய பழைய ரயத்துவாரி கிராமமா, ஜமீன் அல்லது இனாம் கிராமமா என்பதைப் பொறுத்து பதில் மாறலாம். காவிரிப் படுகையில் இந்த வகைகள் எல்லாம் பக்கத்துப் பக்கத்துக் கிராமங்களாகவே கிடக்கின்றன.

சரி, கனிமம் எனக்கே சொந்தம் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் நானே தோண்டி எடுத்துவிட முடியாது. சொந்தம் வேறு, ஒழுங்குபடுத்தும் அதிகாரம் வேறு. உரிமையாளரே ஆனாலும் உரிமம் இல்லாமல் கனிமத்தைத் தேடவோ எடுக்கவோ சட்டம் விடாது. அரசு தனியார் நிலத்தில் நுழைய முடிவதும் இந்த ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தால்தான். உரிமையாளர் என்ற தகுதி அதற்குத் தேவைப்படுவதில்லை.

அந்த அதிகாரத்துக்கும் எல்லை உண்டு. சட்டத்தின் துணையின்றி யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்று 300ஏ பிரிவு சொல்கிறது. 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை விரித்து விளக்கியது. முன்னறிவிப்பு, ஆட்சேபத்தைச் சொல்லும் வாய்ப்பு, காரணம் காட்டிய முடிவு, பொது நோக்கம், நியாயமான இழப்பீடு ஆகியவை அந்தப் பிரிவுக்குள்ளேயே அடங்கியவை என்றது. நிலத்தையே எடுக்கும்போது இவை முழுமையாகப் பொருந்தும். ஆய்வுக்காகச் சில நாள் நுழையும்போது இவற்றில் எத்தனை கிடைக்கும் என்பதில்தான் சிக்கல்.

எந்தக் கனிமம், எந்தச் சட்டம்?

படுகையில் பேசப்படும் கனிமங்களை நான்காகப் பிரித்துக்கொள்ளலாம்.

1. எண்ணெய், எரிவாயு. இவை ஒன்றியப் பட்டியலின் 53-வது இனத்தில் வருகின்றன. 1948-ஆம் ஆண்டின் எண்ணெய் வயல்கள் சட்டமும் அதன் கீழான பெட்ரோலிய விதிகளும் இவற்றுக்கு உரியவை. 2025-இல் வந்த திருத்தம், நிலக்கரிப் படுகை மீத்தேனையும் (நிலக்கரிப் படிவத்துக்குள் அடைபட்ட வாயு) ஷேல் வாயுவையும் (களிப்பாறைக்குள் அடைபட்ட வாயு) இந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வெளிப்படையாகச் சேர்த்தது. நிலக்கரியும் பழுப்பு நிலக்கரியும் இதில் வராது என்றும் அதே திருத்தம் சொல்கிறது.

2. பழுப்பு நிலக்கரி. ஒன்றியப் பட்டியலின் 54-வது இனமும், 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டமும் இதற்கு உரியவை. கட்டுரையில் இனி "1957 சட்டம்" என்றால் இதுதான்.

3. மற்ற பெருங்கனிமங்கள். இவையும் 1957 சட்டத்துக்குள்தான். 2023 திருத்தத்துக்குப் பிறகு, முக்கியக் கனிமங்கள் என்று பட்டியலிடப்பட்டவற்றை ஏலம் விடுவது ஒன்றிய அரசு. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டிப் பகுதிக்கான டங்ஸ்டன் ஏலம் இந்த வழியில்தான் 2024-இல் நடந்து, கடும் எதிர்ப்புக்குப் பின் 2025 ஜனவரியில் ரத்தானது.

4. சிறுகனிமங்கள். மணல், சவுடு, களிமண் போன்றவை. விதி வகுக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு. 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின்படி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விஷயம் இது.

முதல் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் காவிரிப் படுகையின் விசேஷச் சிக்கல் புரியும். மன்னார்குடிப் பகுதியில் பழுப்பு நிலக்கரிப் படிவம் ஆழத்தில் இருக்கிறது. அந்தப் படிவத்துக்குள் சிக்கியிருக்கும் மீத்தேன் ஒரு சட்டத்தின் கீழ் வருகிறது. அதைப் பிடித்துவைத்திருக்கும் நிலக்கரி வேறொரு சட்டத்தின் கீழ் வருகிறது. வயல் ஒன்று, துளை ஒன்று, சட்டம் மட்டும் இரண்டு. "மீத்தேன் திட்டம் ரத்தாகிவிட்டதே, அப்புறம் ஏன் வருகிறார்கள்?" என்ற கேள்விக்குப் பல சமயம் பதில் இங்கேதான் இருக்கிறது.

"ஆய்வு" என்றால் வயலில் என்ன நடக்கும்?

செய்தியில் "ஆய்வு" என்று ஒரே சொல்லாக வருவது, களத்தில் மூன்று வேறு வேலைகள்.

முதலாவது, மேற்பரப்பு வேலை. வரைபடம் தயாரிப்பது, மண், பாறை, நீர் மாதிரி எடுப்பது. கையில் கருவியோடு வரப்பில் நடப்பார்கள். சேதம் இருக்காது.

இரண்டாவது, நில அதிர்வு ஆய்வு. எண்ணெய், எரிவாயு தேடுவதில் இதுதான் முக்கியம். நிலத்தின் குறுக்கே நேர்கோடுகள் போட்டு, குறிப்பிட்ட இடைவெளியில் சிறு துளைகள் இட்டு, அவற்றில் சிறிய அளவு வெடிமருந்தை வெடிக்க வைப்பார்கள். அல்லது கனமான அதிர்வு வண்டியைப் பயன்படுத்துவார்கள். பூமிக்குள் போய்த் திரும்பும் அலைகளைக் கோடு நெடுக வைத்த உணரிகள் பதிவு செய்யும். அந்தக் கோடு வரப்பைப் பார்த்துப் போவதில்லை. நாற்றங்கால், வாய்க்கால், மோட்டார் கொட்டகை என்று எதையும் தாண்டி நேராகப் போகும். சேதம் ஆங்காங்கே சிறிது சிறிதாக இருக்கும். ஆனால் ஒரே கோட்டில் நூற்றுக்கணக்கான பேரின் நிலம் வரும்.

மூன்றாவது, ஆழ்துளை. கனிமத்துக்கான துளை என்றால் உள்ளிருந்து பாறைத் துண்டுகளை உருளை உருளையாக வெளியே எடுப்பார்கள். எண்ணெய்க்கான சோதனைக் கிணறு என்றால் அது பெரிய வேலை. மேடை, துளையிடும் கோபுரம், சேற்றுக் குழி, கனரக வண்டி போகும் பாதை எல்லாம் வேண்டும். இதைச் சில நாள் நுழைவு என்று சொல்ல முடியாது. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தோ கையகப்படுத்தியோதான் செய்தாக வேண்டும்.

திடக் கனிமங்களைத் தேடுவதை ஜி4 முதல் ஜி1 வரை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். ஜி4 என்பது முதல்கட்டத் தேடல். அங்கிருந்து ஜி3, ஜி2 என்று நெருங்கி ஜி1-இல் விரிவான ஆய்வாகிறது. நிலை ஏற ஏறத் துளைகள் நெருக்கமாகும். ஆகவே "எந்த நிலை ஆய்வு?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டால், அடுத்து எத்தனை துளைகள் வரக்கூடும் என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம்.

நுழையும் அதிகாரம் எங்கே எழுதியிருக்கிறது?

கட்டுரையின் மையம் இதுதான். நான்கு சட்டங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம்.

1. 1957 சட்டம், பிரிவு 24ஏ. தேடுதல் உரிமமோ சுரங்கக் குத்தகையோ பெற்றவரும் அவருடைய ஆட்களும் அந்த உரிமப் பரப்புக்குள் எப்போது வேண்டுமானாலும் நுழைந்து வேலை செய்யலாம். கட்டடத்துக்குள்ளோ, வீட்டை ஒட்டி அடைக்கப்பட்ட முற்றம், தோட்டத்துக்குள்ளோ போவதென்றால் மட்டும் குடியிருப்பவரின் சம்மதம் வேண்டும். சம்மதம் இல்லையென்றால் 7 நாள் முன்னதாக எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். இழப்புக்கும் சேதத்துக்கும் உரிமம் பெற்றவர் பொறுப்பு.

2. 1957-ஆம் ஆண்டின் நிலக்கரிப் பகுதிகள் (கையகப்படுத்தல் மற்றும் மேம்பாடு) சட்டம், பிரிவு 4. நிலக்கரியைத் தேடப் போவதாக ஒன்றிய அரசு அரசிதழில் அறிவித்தவுடன் அலுவலர்கள் நுழையலாம், அளக்கலாம், துளையிடலாம். வீடு, தோட்டத்துக்கு அதே 7 நாள். தேடியது பலன் தந்தால் அடுத்து 7-வது பிரிவின்படி கையகப்படுத்தும் அறிவிப்பு வரும். ஆட்சேபம் சொல்ல 30 நாள்.

3. 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்கள் சட்டம். குழாய்ப் பாதைக்காக நுழைந்து அளக்கவும் துளையிடவும் அதிகாரம் தருகிறது. ஆட்சேபத்துக்கு 21 நாள். நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். ஆனால் குழாய் போன பட்டையில் வீடு கட்டவோ கிணறு வெட்டவோ மரம் வைக்கவோ முடியாது. அந்த உரிமைக்கான இழப்பீடு சந்தை மதிப்பில் 10 சதவீதம்.

4. 2013-ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம், பிரிவு 12. இதிலும் நுழையலாம், துளையிடலாம். ஆனால் நில உரிமையாளரோ அவர் எழுதிக் கொடுத்த ஆளோ உடன் இருக்க வேண்டும். அவர் இல்லாமல் செய்வதென்றால் 60 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். நுழையும்போதே சேதத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்கிறது பிரிவு 13.

இந்த நான்கையும் படித்தபின் என் மனத்தில் ஆழமாகத் தங்கியது ஒன்று. 24ஏ பிரிவு வீட்டுக் கொல்லைக்கு 7 நாள் அவகாசம் தருகிறது. நாற்றங்காலுக்கு ஒரு நாள்கூடத் தரவில்லை. ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் முழுவதும் நிற்கும் இடம் வயல். சட்டத்தின் பார்வையில் அது திறந்தவெளி, அவ்வளவுதான். இதே நாட்டின் 2013 சட்டம் உரிமையாளர் உடன் இருக்க வேண்டும் என்று கேட்கிறபோது, 1957 சட்டமும் அதைக் கேட்டிருக்கலாம். நிலமெடுப்புச் சட்டத்தில் திருத்திக்கொண்டதைக் கனிமச் சட்டத்தில் திருத்தாமல் விட்டது பெரிய அநீதி என்றே நினைக்கிறேன்.

படுகையில் இது இன்னும் கடுமையாகிறது. மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தால் குறுவை, பிறகு சம்பா அல்லது தாளடி. அறுவடை பிப்ரவரியில் முடிந்ததும் வயல் காலி என்று வெளியிலிருந்து வருபவர்கள் கணக்குப் போடுவார்கள். ஆனால் அறுவடைக்கு முன்பே ஈரத்தில் தெளித்த உளுந்தும் பயறும் அப்போதுதான் தலைகாட்டிக்கொண்டிருக்கும். தூரத்தில் நின்று பார்த்தால் வெறும் தரிசு போலத் தெரியும் அந்த வயலில் ஒரு வெள்ளாமையே இருக்கிறது.

இன்னொரு நுட்பம். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம், அணுக்கனிம இயக்ககம், கனிம ஆய்வுக் கழகம், மாநிலப் புவியியல் துறை போன்றவற்றுக்கு ஆய்வு செய்யத் தேடுதல் உரிமம் வேண்டியதில்லை என்று 1957 சட்டத்தின் 4-வது பிரிவு விலக்கு அளிக்கிறது. பலர் இதை "இவர்கள் எங்கும் போகலாம்" என்று படித்துவிடுகிறார்கள். உரிமம் தேவையில்லை என்பதும், பிறர் நிலத்தில் நுழையும் உரிமை உண்டு என்பதும் ஒன்றல்ல. 24ஏ தருகிற நுழைவுரிமை உரிமம் வைத்திருப்பவருக்கானது. உரிமமே வாங்காமல் வரும் அரசு நிறுவனம் அந்தப் பிரிவைக் காட்ட முடியாது. அது நடைமுறையில் சார்ந்திருப்பது வருவாய்த் துறையின் ஒத்துழைப்பையும் நிலத்துக்காரரின் சம்மதத்தையும்தான். ஆகவே "எங்களுக்கு விலக்கு இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், "சரி, நுழைவதற்கான உத்தரவு எது?" என்று கேட்பது முறையான கேள்வி.

வேளாண் மண்டலச் சட்டம் எதுவரை காக்கும்?

தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் 2020 பிப்ரவரி 20 அன்று சட்டப்பேரவையில் நிறைவேறியது. அதன் பின்னணியில் ஒரு நீண்ட போராட்டம் இருக்கிறது. மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க 2010-இல் ஒப்பந்தம் போடப்பட்டது. 2011 ஜனவரியில் மாநில அரசும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. பரப்பு 691 சதுர கிலோமீட்டர். எதிர்ப்பு வலுத்து 2013-இல் மாநில அரசு வல்லுநர் குழு அமைத்தது. ஊர் ஊராகப் போய் விளக்கிக்கொண்டிருந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், அந்த ஆண்டு டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அந்தப் பிரசாரத்தின் நடுவிலேயே காலமானார். 2015 அக்டோபரில் மாநில அரசு திட்டத்தை நிராகரித்தது. 2017-இல் எண்ணெய், எரிவாயுப் பணிகளை எதிர்த்து நெடுவாசல், கதிராமங்கலம் ஊர்களின் போராட்டங்கள் வந்தன.

சட்டம் தடை செய்யும் பட்டியலில் எண்ணெய், எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு ஆகியவற்றின் தேடுதல், துளையிடுதல், எடுத்தல் மூன்றும் உள்ளன. தேடுதலையே தடை செய்தது இதன் பெரிய பலம். உற்பத்தியை மட்டும் தடுத்திருந்தால் ஆய்வு என்ற பெயரில் கிணறுகள் வந்திருக்கும்.

ஆனால் ஓட்டைகளும் உண்டு.

முதலாவது எல்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும் (அப்போது நாகப்பட்டினத்தில் இருந்த மயிலாடுதுறை உட்பட), கடலூரில் 5 வட்டாரங்களும், புதுக்கோட்டையில் 5 வட்டாரங்களும்தான் மண்டலம். திருச்சி, கரூர், அரியலூர் இதில் இல்லை. காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது என்பதால் தமிழ்நாட்டுச் சட்டம் அங்கே போகாது. ஒரே ஆற்றுத் தண்ணீர் பாயும் வயல்களில், எல்லைக்கல் தாண்டினால் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது.

இரண்டாவது, ஏற்கெனவே இயங்குபவை. சட்டம் வருவதற்கு முன்பே நடந்துகொண்டிருந்த பணிகளை அது தொடாது. நரிமணம், கமலாபுரம், அடியக்கமங்கலம் பகுதிகளில் பல பத்தாண்டுகளாக எண்ணெய்க் கிணறுகள் இருக்கின்றன. குழாய்ப் பாதை, சாலை போன்ற கட்டமைப்புகளுக்கும் விலக்கு உண்டு.

மூன்றாவது, அரசமைப்புச் சட்டம். மாநிலம் இந்தச் சட்டத்தை வேளாண்மை, நிலம் ஆகிய தன் அதிகாரங்களை வைத்து இயற்றியது. எண்ணெய் வளம் ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. இரண்டும் நேருக்கு நேர் மோதி, எந்த வகையிலும் இணக்கப்படுத்த முடியாது என்ற நிலை வந்தால் 246-வது பிரிவின்படி ஒன்றியச் சட்டமே மேலோங்கும். இருந்தும் மாநிலத்தின் கையில் ஒரு கடிவாளம் உண்டு. 1959 பெட்ரோலிய விதிகள் காலம் தொட்டு, தரைப்பகுதியில் தேடுதல் உரிமத்தை ஒன்றிய அரசின் முன் ஒப்புதலோடு வழங்குவது மாநில அரசுதான். அது கையெழுத்துப் போடாமல் வயலில் கிணறு இறங்குவது கடினம்.

2023-இல் நடந்தது இதற்கு நல்ல பாடம். அந்த ஆண்டு மார்ச் இறுதியில் ஒன்றிய நிலக்கரி அமைச்சகம் அறிவித்த ஏலப் பட்டியலில் தஞ்சை மாவட்டம் வடசேரி, கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்பு கிழக்கு, அரியலூர் மாவட்டம் மைக்கேல்பட்டி ஆகிய மூன்று பழுப்பு நிலக்கரிப் பகுதிகள் இருந்தன. முதல் இரண்டும் மண்டலத்துக்குள் வருபவை, மூன்றாவது அதை ஒட்டியது. முதலமைச்சர் ஏப்ரல் 4 அன்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சில நாட்களில் மூன்றும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. மண்டலச் சட்டம் நடைமுறையில் இருந்தபோதே அந்தப் பெயர்கள் ஏல அறிவிப்பு வரை போயின என்பதை விவசாயிகள் மறக்கக் கூடாது.

நான்காவது, மக்கள் கருத்துக் கேட்பு. 2020 ஜனவரி 16 அன்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. எண்ணெய், எரிவாயுத் தேடுதல் திட்டங்களை "பி2" என்ற வகைக்கு மாற்றியது. அந்த வகைக்குச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையும் வேண்டாம், மக்கள் கருத்துக் கேட்பும் வேண்டாம். உற்பத்திக்கு அவை தொடர்கின்றன. இதன் விளைவு ராமநாதபுரத்தில் தெரிந்தது. அந்த மாவட்டம் மண்டலத்துக்கு வெளியே இருக்கிறது. அங்கே 20 ஆய்வுக் கிணறுகளுக்கு 2025 மார்ச்சில் சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்டது. ஊருக்குத் தெரியவந்தது ஆகஸ்டில். எதிர்ப்பு எழுந்த பிறகு அனுமதியைத் திரும்பப் பெறும்படி மாநில அரசு சம்பந்தப்பட்ட ஆணையத்துக்கு அறிவுறுத்தியது.

ஆய்வு முடிந்த பிறகு

"சும்மா பார்க்கத்தானே வருகிறார்கள்" என்பதற்குப் பதில் இங்கே இருக்கிறது. ஆய்வில் கிடைத்த தகவல் அறிக்கையாகி, அறிக்கை ஏலப் பகுதியாகிறது. ஏலத்தில் வென்றவர் தேடுதலுக்கும் சுரங்கத்துக்கும் சேர்த்தே கூட்டு உரிமம் பெற வழி உண்டு. அப்படிப் பெற்றுவிட்டால் 24ஏ பிரிவின் நுழைவுரிமையும் கூடவே வரும். துளை போட்ட நிலத்தின் சொந்தக்காரருக்கு அந்த அறிக்கையின் ஒரு நகலைத் தர வேண்டும் என்று இந்த வரிசையில் எங்கும் கட்டாயம் இல்லை. அவர் நிலத்தைப் பற்றி அவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

இந்தப் பாதையின் கடைசிக் கட்டம் எப்படி இருக்கும் என்பதை 2023 ஜூலையில் வளையமாதேவி காட்டியது. கடலூர் மாவட்டத்தில் நெய்வேலி சுரங்கத்துக்கான கால்வாய்ப் பணிக்காக, நெற்பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் வாதம். அனுபவித்து வந்தவர்கள் பயிர் வைத்திருந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்து, சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவானது. சட்டப்படி நிலம் கைமாறியிருந்தாலும் நின்ற பயிருக்குத் தனி மதிப்பு உண்டு என்பதற்கு அந்த உத்தரவு ஓர் எடுத்துக்காட்டு.

இழப்பீடு யாருக்கு?

1957 சட்டம் "நிலத்தின் மேற்பரப்பை அனுபவித்து வருபவருக்கு" இழப்பீடு என்கிறது. பட்டாதாரருக்கு என்று சொல்லவில்லை. கோயில், மட நிலங்களும் குத்தகைச் சாகுபடியும் நிறைந்த படுகையில் இது மிகப் பெரிய வேறுபாடு. விவசாய நிலமானால், அதேபோன்ற நிலத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர வருமானத்தை வைத்து ஆண்டு இழப்பீட்டைக் கணக்கிட வேண்டும் என்பது விதி. தொகையை நிர்ணயிப்பது மாநில அரசு நியமிக்கும் அலுவலர்.

ஆனால் வாய்மொழிக் குத்தகைக்காரர் தான் அனுபவித்து வருபவர் என்பதை எதை வைத்துக் காட்டுவார்? 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருந்தால் அதுவே போதும். பதிவில்லாத பலருக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அந்தப் பசலி ஆண்டுக்கான அடங்கல் என்ற சாகுபடிப் பதிவேடுதான் துணை. எனவே பயிர் ஏறியதும் அடங்கலில் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிடுவது, ஆய்வு வண்டி வருமுன் செய்ய வேண்டிய வேலை.

வண்டி வந்த அன்று கேட்க வேண்டியவை:

1. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்தக் கனிமம்? உரிமம் அல்லது அரசிதழ் அறிவிப்பின் எண், தேதி.
2. எந்தப் புல எண்களில் வேலை? உங்கள் உட்பிரிவு அதில் இருக்கிறதா?
3. துளையிடுவார்களா? எத்தனை, எவ்வளவு ஆழம், முடிந்ததும் எப்படி மூடுவார்கள்?
4. சேதத்தை யார் மதிப்பிடுவார், யார் தருவார்?

பதில்களை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், மறுத்ததையே எழுதி வட்டாட்சியருக்கும் ஆட்சியருக்கும் மனுவாகக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதி ஆவணங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். வேலை தொடங்குமுன் பயிரின் நிலையைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். நுழைவு சட்டவிரோதம் என்று பட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடை கேட்கலாம், உயர் நீதிமன்றத்தையும் நாடலாம். அலுவலரைக் கைப்பட்டுத் தடுத்தால் வழக்கு உங்கள் மீது திரும்பும். அதன் பிறகு சட்டவிரோத நுழைவைப் பற்றிய பேச்சே பின்னுக்குப் போய்விடும்.

கிராம சபைத் தீர்மானம் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் (அரசமைப்புச் சட்டம் தனியாகக் காக்கும் பழங்குடியினர் பகுதிகள்) இல்லாததால், கிராம சபையின் கருத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்ற சட்டம் கனிம விஷயத்தில் இங்கே பொருந்தாது. ஒரு தீர்மானத்தால் மட்டும் உரிமம் ரத்தாகாது. ஆனாலும் ஊரின் ஆட்சேபம் அரசுப் பதிவேட்டில் தேதியோடு ஏறும் இடம் அதுதான். தீர்மானத்தில் "எதிர்க்கிறோம்" என்று மட்டும் எழுதாமல், புல எண்கள், நிற்கும் பயிர், பாசன வாய்க்கால், குடிநீர்க் கிணறு, கேட்டும் தராத ஆவணங்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுத வேண்டும். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.